ஐடாவுக்கு அவசரம் இல்லை

கண்ணம்மாவுக்கு,

வெர்டியின் 'ஐடா' என்ற ஆப்பரா இசைநாடகத்தில் அடிமைப் பெண் ஐடாவாகப் பாடக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். அப்பா அதற்குள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டுவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு.

நீ ஆப்பரா படிக்கப் போனதிலிருந்து நான் ஆப்பரா பாடகி லியோன்டைன் ப்ரைஸைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். 1927-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் லாரல் என்கிற ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு மர ஆலையில் வேலை, அம்மா மருத்துவச்சி. மகளுக்குப் பியானோ வாங்க வீட்டிலிருந்த கிராமபோனையே முன்பணமாகக் கொடுத்த பெற்றோர். 1955-இல் அவர் புச்சினியின் ஆப்பரா நாயகி டோஸ்காவாகப் பாடியதை என்.பி.சி. தொலைக்காட்சி ஒளிபரப்பியபோது, பாடுவது கறுப்பினப் பெண் என்பதால் தென் மாநில நிலையங்கள் சில காட்ட மறுத்தன. அப்படி வளர்ந்தவரை நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆப்பராவே கூப்பிடுகிறது, அதுவும் ஐடா பாட! அவர் போகவில்லை. இன்னும் சில பாத்திரங்கள் கைக்குள் வரட்டும், அந்த மேடையில் முதல்முதலாக அடிமைப் பெண் வேடத்தில் நிற்க வேண்டாம் என்று நலம்விரும்பிகள் சொன்னதைக் கேட்டார். வியன்னா, லண்டன், மிலான் என்று பாடிவிட்டு 1961 ஜனவரியில், வெர்டியின் 'இல் த்ரொவத்தோரே' ஆப்பராவின் நாயகி, உயர்குலப் பெண் லியோனோராவாக அங்கே போய் நின்றார். கடைசியில் கைதட்டல் அரைமணி நேரத்துக்கு மேல் ஓயவில்லையாம்.

ஆனால் அதே வருஷம் இலையுதிர் காலத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? புச்சினியின் 'மேற்கத்தியப் பெண்' ஆப்பராவில் நாயகி மின்னியாகப் பாடும்போது, இரண்டாவது நிகழ்ச்சியின் நடுவிலேயே குரல் நின்றுவிட்டது. அந்த அங்கம் முடியும்வரை வசனம்போலப் பேசியே சமாளித்தார். கடைசி அங்கத்தை வேறொருவர் வந்து பாடினார். அவ்வளவு பெரிய தொண்டைக்கே அந்தக் கதி என்றால் உன் தொண்டையை நினைத்து நான் பயப்படமாட்டேனா?

அப்புறம் ஓய்வெடுத்து, தேறி வந்தார். 1985 ஜனவரியில் அதே மெட்ரோபாலிடன் மேடையில் ஐடாவாகவே ஆப்பராவிலிருந்து விடைபெற்றபோது வயது 57. அந்தப் பதிவைத் தேடிப் பார். 'ஓ பாட்ரியா மியா' (என் தாய்நாடே) என்று ஐடா பாடும் பாட்டில், ஊரை இனி பார்க்கவே மாட்டேன் என்று உருகி உச்ச ஸ்தாயிக்கு ஏறுகிற இடம் இருக்கிறதே, அங்கே குரல் கொஞ்சமும் இரையவில்லை. பாட்டு முடிந்ததும் கைதட்டல் நிற்க மறுக்கிறது. அவர் ஐடாவாகவே அசையாமல் நிற்கப் பார்க்கிறார். உதடு மட்டும் துடிக்கிறது. நான் அழுதேவிட்டேன். எதையும் அவசரப்பட்டு இழுத்துப் போட்டுக்கொள்ளாமல், தேர்ந்தெடுத்துப் பாடியவர் என்பதால்தான் அந்த வயதிலும் அந்தக் குரல் இருந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அவரே ஐடாவை மேடையில் முதல்முதலாகப் பாடியது 30 வயதில்தான். உனக்கு இன்னும் நாள் இருக்கிறது. உன் டீச்சர் சொன்ன, மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஆப்பரா நாயகி பமினாவை நன்றாகப் பாடு. கூப்பிட்டவர்களுக்கு மரியாதையாக, காரணம் சொல்லி, இந்த வாரமே எழுதிவிடு. அப்பாவிடமும் சொந்தக்காரர்களிடமும் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா