மெயின் ரோட்டைத் தாண்டி உள்ளே வந்தவர்களுக்கு

அன்புள்ள உறவுகளுக்கு,

வணக்கம். தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி வட்டாரத்துத் தென்னங்கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறோம். கஜா புயல் அடித்து இரண்டு மாதம் ஆகப்போகிறது, 2019 பொங்கலும் வந்துவிட்டது. எங்கள் ஊருக்கு வந்து உதவியவர்களில் பலருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. யாரிடமும் நம்பர் வாங்கி வைக்கவில்லை, வாங்கியிருந்தாலும் அப்போது செல்போனில் சார்ஜ் இல்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறோம். உங்கள் குழுவில் ஒருவர் கண்ணில் இது பட்டால், கூட வந்தவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

புயலுக்கு முன்பே வந்தவர்களுக்கு முதல் நன்றி. கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையில் கரையைக் கடக்கும் என்று வானிலை மையம் சொல்லிக்கொண்டே இருந்தது. வரும் வரும் என்று சொல்லி வராமல் போன புயல்களைப் பார்த்துப் பழகிய ஊர் இது. கிராம நிர்வாக அலுவலரும் தலையாரியும் கூரை வீடு கூரை வீடாக ஏறி இறங்கி, வர மறுத்த பெரியவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனார்கள். புயல் பாதையில் இருந்த மாவட்டங்கள் முழுக்க இப்படி 80,000 பேருக்கு மேல் முகாம்களுக்குப் போனார்கள். மறுநாள் அந்தக் கூரை வீடுகள் கிடந்த கிடப்பைப் பார்த்தபோதுதான், அந்த இரண்டு பேரும் என்ன செய்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

2018 நவம்பர் 15 இரவு தொடங்கிய காற்று. நள்ளிரவு தாண்டி, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை ஏறி, எங்கள் பக்கமாக மேற்கே போனது. முதலில் வடக்கிலிருந்து அடித்தது, கொஞ்சம் அடங்கியது, அப்புறம் தெற்கிலிருந்து திருப்பி அடித்தது. வடக்குக் காற்றில் தப்பித்த மரத்தைத் தெற்குக் காற்று சாய்த்தது. விடிந்தபோது சில மரங்கள் வேரோடு கிடந்தன, சில நடுவில் முறிந்திருந்தன, நின்றவற்றிலும் பலவற்றுக்குக் குருத்து திருகிப் போயிருந்தது. அதற்கு மேல் எழுத மனம் வரவில்லை. இது நன்றி சொல்ல எழுதும் மடல்.

நிவாரண லாரிகள் நிறைய வந்தன. ஆனால் பெரும்பாலும் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டன. அவர்களைக் குறை சொல்லவே மாட்டோம். ரோட்டோரத்து ஊர்களிலும் பசிதான், அங்கே வண்டியை மறித்தவர்களும் எங்களைப் போல எல்லாம் இழந்தவர்கள்தான். ஆனால் உள்ளே இருக்கிற ஊர்களுக்கு எதுவும் வந்து சேராத நாட்கள் இருந்தன. அப்போது, வழியில் கிடந்த மரங்களை அறுத்துத் தள்ளிக்கொண்டே உள்ளே வந்தீர்களே, மதுரைப் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள், உங்களை எங்கள் ஊர் மறக்காது. காலனித் தெரு எங்கே இருக்கிறது என்று கேட்டு அங்கேதான் முதலில் போனீர்கள். நீங்கள் கொடுத்த பையில் அரிசி பருப்போடு மெழுகுவத்தி, தீப்பெட்டி, கொசுவத்தி, தார்ப்பாய் கட்டக் கயிறு, பெண்களுக்கு நாப்கின், பிள்ளைகளுக்கு நோட்டு என்று எல்லாம் இருந்தன. தார்ப்பாய் கொடுக்கிறவர்கள் கயிறும் சேர்த்துக் கொடுப்பது அபூர்வம். அதைக் கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கயிற்றின் அருமை தெரியும். பை தயார் செய்த பிள்ளைகள் யாரோ, நன்றாக இருக்க வேண்டும்.

மின்சாரத்துக்காக வந்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். புயல் சாய்த்த மின்கம்பங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். கரண்ட் இல்லையென்றால் இந்தப் பக்கம் குடிதண்ணீரும் இல்லை, போர் மோட்டார் ஓடினால்தான் டேங்க் நிறையும். தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் வெளி மாநிலங்களிலிருந்தும் வந்த மின் ஊழியர்கள் கல்யாண மண்டபங்களில் படுத்து எழுந்து வேலை பார்த்தார்கள். எங்கள் ஊருக்கு வந்தது கேரளத்துக் குழு. வயலுக்குள் லாரி இறங்காது, சம்பா நட்டிருந்த சேறு. சிமெண்ட் கம்பத்தில் கயிறு கட்டி, இந்தப் பக்கம் அவர்கள், அந்தப் பக்கம் எங்கள் பையன்கள் என்று தோள் கொடுத்து, முழங்கால் சேற்றில் தூக்கிப் போனார்கள். கடப்பாரையால் குழி தோண்டினார்கள், தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது, அதை வாளியால் இறைத்துவிட்டுக் கம்பத்தை நட்டார்கள். மூத்தவர் ஒருவருக்குக் கை முழுக்கக் கொப்புளம். ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது தமிழ்நாட்டிலிருந்து போன அரிசியைத் தங்கள் வீட்டில் பொங்கிச் சாப்பிட்டதாக அவர் சொன்னார். அவர்கள் கிளம்பிய அன்று எங்கள் பெண்கள் வண்டியை மறித்துக்கொண்டு அழுதார்கள். சேட்டன்மாரே, உங்கள் ஊர்ப் பெயர்களை எங்கள் பிள்ளைகள் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சீரமைப்பு வேலையில் உயிரையே விட்ட மின் ஊழியர்களும் உண்டு. அவர்கள் வீட்டாருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எங்கள் கும்பிடு.

அரசு, விழுந்த தென்னைக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அறிவித்தது. மரத்துக்குச் சொந்தக்காரருக்கு அது. தேங்காய் பறிக்கிறவர், மட்டை உரிக்கிறவர், கீற்று முடைகிற அக்காமார், இவர்கள் பெயரில் ஒரு மரமும் இல்லை, ஆனால் மரம் போனதும் முதலில் பட்டினி கிடந்தது அவர்கள்தான். இதை நாங்களே சரியாக யோசிப்பதற்கு முன்னால் யோசித்த ஒரு குழு இருக்கிறது. விழுந்த மரங்களை அப்புறப்படுத்தும் வேலையை அந்தத் தொழிலாளர்களிடமே கொடுத்து, தினக்கூலியைக் கையில் கொடுத்தீர்கள். கீற்று முடையும் பெண்களுக்கு ஆளுக்கொரு வெள்ளாடு வாங்கித் தந்தீர்கள். அதில் ஒன்று போன வாரம் இரண்டு குட்டி போட்டிருக்கிறது.

பொள்ளாச்சியிலிருந்து வந்த தென்னை விவசாயிகளுக்கும் சொல்ல வேண்டும். மரம் அறுக்கும் மெஷினோடு ஆட்களையும் கூட்டி வந்தீர்கள். அதைவிடப் பெரிய உதவி நீங்கள் சொன்ன சேதி. விழுந்த மரத்தை அப்படியே மக்கவிட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டை வைத்துப் பெருகும், நிற்கிற மரத்தின் குருத்தையும் தின்னும், வைக்கப்போகும் கன்றையும் விடாது என்று தோப்பு தோப்பாக வந்து எச்சரித்தீர்கள். மனசு விட்டுப்போய்த் தோப்புப் பக்கமே போகாமல் இருந்தவர்கள் பலர், நானும்தான். நீங்கள் வந்து முதல் மரத்தில் மெஷினை வைத்த பிறகுதான் நாங்கள் அரிவாளை எடுத்தோம். நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், அதுவரை ஊடுபயிராக உளுந்து, எள், வாழை என்று போட்டு ஓட்டுங்கள் என்று நீங்கள் சொன்னபடி சிலர் விதைத்தும்விட்டார்கள்.

எங்களுக்குள்ளே சொல்லிக்கொள்ள வேண்டிய நன்றியும் இருக்கிறது. மல்லிப்பட்டினம் மீனவர்களுக்குப் படகெல்லாம் ஒன்றோடொன்று மோதி நொறுங்கிக் கிடந்தது. அந்த நிலையிலும் அங்கிருந்து ஒரு வண்டியில் சோறு வந்தது. பக்கத்துப் பள்ளிவாசல் ஜெனரேட்டரில் எங்கள் ஊரே வரிசையில் நின்று செல்போனுக்குச் சார்ஜ் போட்டது, துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகளிடம் உயிரோடு இருக்கிறோம் என்று சொன்னது.

கடைசியாக ஒரு விஷயம். மரம் அறுக்க வந்த குழுக்களில் யாரோ ஒருவருடைய மெஷின் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் இருக்கிறது. ஆரஞ்சு நிறம், கைப்பிடியில் பச்சை டேப் சுற்றியிருக்கிறது. சங்கிலிக்கு எண்ணெய் விட்டுத் துடைத்து வைத்திருக்கிறோம். பொள்ளாச்சிக்காரர்களைக் கேட்டோம், தங்களுடையது இல்லை என்றார்கள். உங்களுடையது என்றால் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், வரும்போது வீட்டாரையும் கூட்டி வாருங்கள். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இப்படிக்கு,
ஊர் மக்கள் சார்பாக,
ஒரு தென்னை விவசாயி