பல் முளைக்காதவர்களுக்கும் ஓர் உறுப்பினர் அட்டை

பொது நூலகங்களில் சிறுவர் பிரிவைக் கவனித்துக்கொள்பவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் என் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு நூலகத்துக்குப் போனேன். அவளுக்கு ஒன்பது மாதம். அவள் பெயரில் உறுப்பினர் அட்டை கேட்டேன். மேசையில் இருந்தவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டார். "படிக்கத் தெரிஞ்சதும் கூட்டிட்டு வாங்க சார்." அன்பாகத்தான் சொன்னார். அதனால்தான் புகார் எழுதாமல் மடல் எழுதுகிறேன்.

பேச்சு வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று எந்தக் குழந்தையிடமும் நாம் வாயை மூடிக்கொண்டு இருப்பதில்லை. புத்தகத்துக்கு மட்டும் ஏன் அந்தக் காத்திருப்பு? கருவின் கடைசி மூன்று மாதங்களிலேயே குழந்தைக்குக் காது கேட்கிறது. பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். கையில் ஏந்திப் பாடுகிறவரின் முகம் ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். அவளுக்குத் தினமும் ஒரே நான்கு வரிப் பாட்டு. எனக்குச் சுருதி சேராது, அவளுக்கு அதில் புகார் இல்லை. ஒருநாள் கடைசி வரியில், ஓசை ஒத்துவரும் அந்தச் சொல்லுக்கு முன்னால் சும்மா நிறுத்திப் பார்த்தேன். கையை உதறிக்கொண்டிருந்தவள் அப்படியே அசையாமல் இருந்தாள். கண் என் உதட்டை விட்டு நகரவில்லை. சொல் விழுந்ததும் இரண்டு காலாலும் ஓர் உதை, ஒரு சிரிப்பு. அடுத்து வருவது என்ன ஓசை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது! ஒரு சொல்கூடப் பேசத் தெரியாதவள், நான் சொல்லாமல் விட்ட சொல்லுக்காகக் காத்திருக்கிறாள். வாசிப்பு இங்கேதான் தொடங்குகிறது என்பேன். இங்கிலாந்தில் பிரையன்ட், பிராட்லி குழுவினர் மூன்று வயதுப் பிள்ளைகளைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்து 1989-ல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியதுதான்: மூன்று வயதில் குழந்தைப் பாட்டுகள் நன்றாகத் தெரிந்திருந்தவர்கள், குடும்பச் சூழலையும் அறிவுத்திறனையும் கணக்கில் எடுத்த பிறகும், பின்னாளில் வாசிப்பில் முந்தியிருந்தார்கள்.

நான் கேட்பது புதிதும் அல்ல. 1992-ல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் 300 குடும்பங்களோடு தொடங்கிய 'புக்ஸ்டார்ட்' என்ற திட்டம், கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்குப் புத்தகம் கொடுத்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், பிறந்ததிலிருந்தே வாய்விட்டு வாசித்துக் காட்டும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள் என்று தன் மருத்துவர்களுக்கு 2014-ல் அறிவுறுத்தியது. மருத்துவர்கள் சொல்லத் தொடங்கிவிட்ட ஒன்றை நூலகம் சொல்லத் தயங்கலாமா?

பிறந்த நாளிலிருந்தே அட்டை கொடுங்கள். கெட்டி அட்டைப் புத்தகங்களைத் தவழுகிற உயரத்தில், முதுகு தெரியும்படி அல்ல, முகப்பு தெரியும்படி வையுங்கள். கடித்த முனைக்கு அபராதம் வேண்டாம். இந்த வயதில் எதையும் வாயில் வைத்துத்தான் தெரிந்துகொள்வார்கள். எச்சிலைத் துணியால் துடைத்துக்கொள்ளலாம். கிழிந்த பக்கத்தை எங்களிடம் கொடுங்கள், ஒட்டித் தருகிறோம்.

பாட்டு நேரம் நடத்துவதாக இருந்தால் மைக் வேண்டாம், மேடையும் வேண்டாம். தரையில் ஒரு விரிப்பு, அரை மணிக்கும் குறைவான நேரம், அதே நான்கைந்து பாட்டுகள், வாராவாரம். சலிப்பு பெரியவர்களுக்குத்தான் வரும். எந்த மொழி வாயில் வருகிறதோ அதில் பாடட்டும். எழுத்துக்கூட்டத் தெரியாத அம்மாவும் படத்தைக் காட்டிக் கதை சொல்லலாம் என்று நீங்களே ஒருமுறை செய்து காட்டினால் கூச்சம் பாதி போய்விடும். தயவுசெய்து "இது என்ன, சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைத்துவிடாதீர்கள். குழந்தை புத்தகத்தை மூடிவிட்டால் சரி, அன்றைக்கு அவ்வளவுதான்.

அன்று திரும்பும்போது உங்கள் சகாக்களின் கண்ணாடி அலமாரியில், கீழிருந்து இரண்டாவது தட்டில், அட்டையில் நாய் படம் போட்ட ஒரு கெட்டிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். உடம்பை வளைத்துக் கையை நீட்டிக் கண்ணாடியில் தட்டினாள். பூட்டியிருந்தது. வரும் சனிக்கிழமை மறுபடி வருகிறோம். சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாத்தா