முதலில் தொட்டறிந்த கைகளுக்கு நன்றி

கிராம சுகாதார செவிலியர்களுக்கும், ஸ்கேன் அறை, பிரசவ அறை, அறுவை அரங்குத் தோழர்களுக்கும் மகப்பேறு மருத்துவர்களின் வணக்கம்.

பிட்டம் கீழாக இருக்கும் குழந்தையை வயிற்றின் மேல் கைவைத்துத் திருப்பினால் பெயர் டாக்டருக்குப் போய்விடுகிறது. பாதி வேலை துணை சுகாதார நிலையத்திலேயே முடிந்துவிடுவது வெளியே தெரிவதில்லை. 28 வாரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு குழந்தை அப்படித்தான் இருக்கும். பெரும்பாலும் தானே திரும்பிவிடும். மாதம் நிரம்பும்போது நூற்றுக்கு மூன்று, நான்குதான் மிஞ்சும். அவர்களை 36ஆம் வாரத்திலேயே கண்டுபிடித்து அனுப்புகிறவர்கள் நீங்கள். மேல்வயிற்றில் கெட்டியாக, உருண்டையாக, தட்டினால் தனியே ஆடும் தலை; தொப்புளுக்கு மேலே கேட்கும் இதயத் துடிப்பு. கால் இரண்டும் முகத்தை நோக்கி நீண்டிருந்தால் பிட்டம் கீழே இறங்கித் தலைபோலவே ஏமாற்றும். அதனால் சந்தேகம் வந்தாலே "ஒரு ஸ்கேன் பார்த்துட்டு வந்துடும்மா" என்கிறீர்களே, அதற்குத் தனி நன்றி. தாமதமானால் பனிக்குட நீர் குறைந்து, பிட்டம் இடுப்பெலும்புக்குள் இறங்கி, கைக்கு அசையாது.

நஞ்சுக்கொடி எங்கே, பனிக்குட நீர் எவ்வளவு, முதுகு எந்தப் பக்கம் என்று ஸ்கேன் அறை தெளிவாக எழுதித் தருவதால்தான் எப்படி உருட்டுவது என்று முன்பே முடிவு செய்ய முடிகிறது.

பிரசவ அறை செவிலியர்களே, முன்னும் பின்னும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பதியும் சிடிஜி, கருப்பையைத் தளர்த்தத் தோலுக்கடியில் டெர்புட்டலின் 0.25 மி.கி., "நெஞ்சு படபடக்கும், பயப்படாதீங்க" என்ற பேச்சு எல்லாம் உங்களுடையவை. பிட்டத்தை இடுப்பிலிருந்து மேலே தூக்கிய பிறகே தலையைத் தள்ள வேண்டும். தூக்காமல் தள்ளினால் வலிதான் மிச்சம். குழந்தையின் துடிப்பு இறங்கியதும் "கையை எடுங்க டாக்டர்" என்று தயங்காமல் சொல்கிறீர்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும். இருநூறில் ஒருவருக்கு உடனே சிசேரியன் தேவைப்படலாம். அந்த ஒருவருக்காக ஒவ்வொரு முறையும் அரங்கைத் தயாராக வைத்துச் சும்மா காத்திருப்பவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஆர்ஹெச் நெகட்டிவ் ரத்த வகைத் தாய்க்கு 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி போட நினைவூட்டுபவர்களுக்கும்தான்.

ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பாது. "ஒழுங்கா ஒருக்களிச்சுப் படுக்கல" என்று மாமியார் வீட்டில் பழி விழும்போது, அப்படியில்லை என்று வீடுவரை போய்ச் சொல்பவர்களும் நீங்கள்தான்.

தலை திரும்பிப் பிறந்த குழந்தையின் அட்டையிலும் "36 வாரத்தில் பிட்டம் கீழே" என்று மறக்காமல் எழுதுங்கள். இடுப்பு மூட்டு சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க, ஆறாவது வாரத்தில் அதற்கும் ஸ்கேன் எடுக்க வேண்டும்.