அப்பாவைக் கனிவாகத் தொட்ட கைகளுக்கு

எங்கள் அப்பாவின் மறைவுச் செய்தி கேட்டு வீட்டுக்கு ஓடி வந்தவர்கள், வெளிநாடுகளிலிருந்து தொலைபேசியில் ஆறுதல் சொன்னவர்கள், பந்தல் போட்டவர்கள், கதிரை அடுக்கியவர்கள், இரவிரவாக விழித்திருந்து தேத்தண்ணி ஊற்றியவர்கள், மலர்வளையம் வைத்தவர்கள், அடக்கத் திருப்பலி ஒப்புக்கொடுத்த குருக்கள், பாடகர் குழுப் பிள்ளைகள், அந்த வெயிலில் அடக்கம் செய்யும் சேமக்காலை வரை நடந்து வந்தவர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இதை அப்பாவின் படத்தோடு அட்டையில் அச்சடித்து 31ஆம் நாள் கொடுப்பதுதான் எங்கள் ஊர் வழக்கம். அதையும் கொடுக்கிறோம். ஆனால் அந்த அட்டையில் அடங்காத ஒரு கடன் இருக்கிறது. அடக்க நாளில் உதவியவர்களை ஊரே பார்த்தது. அதற்கு முன், அப்பா படுக்கையில் கிடந்த காலம் முழுவதும் உதவியவர்களைப் பெரும்பாலும் நாங்கள் மட்டும்தான் பார்த்தோம். அவர்கள் செய்ததை விட, செய்த விதம்தான் என் மனதில் நிற்கிறது. அதற்காகவே இந்த மடல்.

அப்பாவைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய வாயும் தெரியும். திருகோணமலைத் துறைமுகத்தில் கப்பல் இழுக்கும் படகில் வேலை செய்தவர். எஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய குரல். வீட்டில் உப்புக் கேட்டாலும் உட்துறைமுகம் வரை கேட்கும். நல்ல மனிதர், கைகொடுக்கத் தயங்காதவர், ஆனால் சாந்தமானவர் என்று அவருடைய சிநேகிதர்கள்கூடச் சொல்ல மாட்டார்கள்.

பாரிசவாதம் வந்தபோது அவருடைய வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. முழுதாகப் போகவில்லை என்பதுதான் இங்கே கதை. வைத்தியர் எங்களை உட்கார வைத்து விளக்கினார். பெரும்பாலானோருக்குப் பேச்சு மூளையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. அது அடிபட்டால், நினைத்ததை வசனமாக்கிச் சொல்லும் திறன் போய்விடும். ஆனால் வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி நாக்கில் ஊறியவை, அதாவது பாட்டு, மன்றாட்டு, எண்ணிக்கை, ஏச்சு, சில பேருக்கு மிஞ்சி நிற்கும்.

அப்பாவுக்கு மிஞ்சியது இரண்டு. ஒன்று, "அருள் நிறைந்த மரியே" மன்றாட்டு. மற்றது, இங்கே எழுத முடியாத நாலைந்து துறைமுகச் சொற்கள். செபமாலை தொடங்கினால் மன்றாட்டு பிசகாமல் ஓடும். மற்ற நேரமெல்லாம், தண்ணீர் வேண்டுமென்றாலும், நோவு என்றாலும், பேரப்பிள்ளையைக் கண்டு சந்தோஷம் வந்தாலும், வாயில் வருவது அந்த நாலைந்துதான். நற்கருணை கொண்டு வந்த பாதரையும் ஒருநாள் அப்படித்தான் வரவேற்றார். பாதர் முகம் சுளிக்கவில்லை. "ஆமென்" என்று சொல்லிவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்பா சிரித்தார். படுத்த பிறகு அவர் சிரித்ததை நாங்கள் அன்றுதான் முதலில் பார்த்தோம்.

இப்படி ஒருவருக்குப் பணிவிடை செய்வதை யோசித்துப் பாருங்கள். குளிப்பாட்டுகிறீர்கள், ஏச்சு. சோறு ஊட்டுகிறீர்கள், ஏச்சு. நன்றி என்ற சொல் அவருடைய வாயில் வராது. வராது என்று தெரிந்துகொண்டே அடுத்த நாளும் வர வேண்டும்.

வந்தவர்களில் முதல் நன்றி சம்பல்தீவிலிருந்து வந்த தம்பிக்கு. நாட்சம்பளத்துக்கு வந்தவர்தான். ஆனால் அவர் அப்பாவைத் திருப்பிப் படுக்க வைத்த விதத்துக்குச் சம்பளம் போட ஆளில்லை. வைத்தியசாலையில் இயன்மருத்துவர் ஒருமுறை காட்டிக் கொடுத்ததை அவர் அப்படியே பிடித்துக்கொண்டார். விளங்காத கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. தோள் தசைகள் தளர்ந்து போயிருப்பதால் மூட்டு நழுவிவிடும். ஒரு கையைத் தோள்பட்டைக்குப் பின்னாலும் மற்றக் கையை இடுப்பிலும் கொடுத்து, முழங்காலை மடக்கிவிட்டு, உடம்பு முழுவதையும் ஒன்றாக உருட்ட வேண்டும். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை இது நடக்க வேண்டும். அவர் ஒவ்வொரு முறையும், "ஐயா, இப்ப இடப்பக்கம் திரும்பப் போறம்" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுவார். சொல்லாமல் தொட்டது கிடையாது. உடம்பு துடைக்கும் தண்ணீரைத் தன் முழங்கையில் ஊற்றிச் சூடு பார்ப்பார். அப்பா நல்ல கையால் ஓங்கி அடிப்பதும் உண்டு. அப்போது அந்தக் கையைப் பிடித்துத் தன் தோளிலேயே வைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார். கொஞ்ச நேரத்தில் அடித்த கை அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

அவரைப் பார்த்துத்தான் எனக்கு ஒன்று விளங்கியது. கனிவு என்றால் பலமில்லாதவர்கள் வைத்திருக்கும் குணம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கோபப்பட வழியில்லாதவன்தான் சாந்தமாக இருப்பான் என்பது போல. ஆனால் ஒரு ஆளைத் தொப்பென்று கட்டிலில் போடுவது சுலபம். மெதுவாக இறக்கி வைக்கத்தான் முதுகு வேண்டும். விவிலியத்தில் பூமியிலேயே மிகச் சாந்தமானவர் என்று சொல்லப்படுவது யாரைத் தெரியுமா? மோசேயை. பார்வோன் முன்னால் போய் நின்றவர், ஒரு மக்கள் கூட்டத்தையே பாலைநிலத்தில் நடத்தி வந்தவர். அந்த வசனம் எண்ணிக்கை நூலின் 12ஆம் அதிகாரத்தில், அக்கா மிரியாமும் அண்ணன் ஆரோனும் அவரைப் பழித்துப் பேசும் இடத்தில் வருகிறது. மோசே தனக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. மிரியாமுக்குத் தொழுநோய் கண்டபோதுதான் வாய் திறந்தார். அதுவும் அவரைக் குணமாக்கும்படி கடவுளிடம் கெஞ்ச. சம்பல்தீவுத் தம்பி இந்தக் கதையைப் படித்திருக்க மாட்டார். அவர் கோணேசர் கோயில் திருவிழாவுக்கு மட்டும் லீவு கேட்கிறவர்.

ஜமாலியாவிலிருந்து ஓட்டோ கொண்டு வந்த நானாவுக்கும் நன்றி. கிளினிக் நாட்களில் பள்ளம் கண்ட இடமெல்லாம் ஓட்டோவை நிறுத்தி, திரும்பிப் பார்த்து, அப்புறம்தான் இறக்குவார். பின்னால் ஹோர்ன் அடிக்கிறவர்களைப் பற்றிக் கவலையே இல்லை. அப்பா ஏசினால், "மாமாவுக்கு இண்டைக்கு நல்ல சுகம் போல" என்பார். நோன்பு மாதத்தில் தண்ணீர்கூடக் குடிக்காமல் எங்களோடு மத்தியானம் வரை காத்திருந்துவிட்டு, பின்னேரம் எங்களுக்கே நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பினார். அப்பாவுக்கு விழுங்குவது கஷ்டம். தண்ணியாக இருப்பது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும், தடிப்பாக இருந்தால்தான் பாதுகாப்பு. நானாவின் கஞ்சி அதற்குத் தோதாக இருந்தது. அதை ஊட்டியவர் பக்கத்து வீட்டு அன்ரி. நிமிர்த்தி இருத்தி, தாடையைக் கொஞ்சம் கீழே தாழ்த்தி, ஒரு தேக்கரண்டி கொடுத்து, விழுங்கும் வரை பார்த்து, பிறகு அடுத்தது. ஒரு கிண்ணம் முடிய ஒரு மணித்தியாலம் ஆகும். அன்ரி ஒருநாளும் கடிகாரத்தைப் பார்த்ததில்லை.

சரி, கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். உதவிக்கு வந்தவர்கள் எல்லோரும் இப்படி இருக்கவில்லை. ஒருவர், பெயர் வேண்டாம், கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு, அப்பாவின் வாய்க்குக் கடவுள் கொடுத்த தண்டனைதான் இது என்று பிரசங்கம் செய்தார். நல்ல மனதோடுதான் வந்தார். பழமும் கொண்டு வந்தார். அப்பாவால் பேச முடியாததால் கேட்கவும் முடியாது என்று நினைத்துவிட்டார். அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. எனக்குக் கை கால் நடுங்கியது. அந்த நேரம் வீட்டில் இருந்த கன்னியர் மடத்துச் சிஸ்டர் எழுந்து, வந்தவரை விறாந்தைக்குக் கூட்டிப்போய், கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்தார். அவர் பாதி குடிக்கும் வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவருக்குக் காது நல்லாக் கேட்கும், அண்ணை. நீங்கள் சொன்னது முழுக்க விளங்கியிருக்கும்" என்று மட்டும் சொன்னார். அந்த மனிதர் எழுந்து உள்ளே போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். நான் வாய் திறந்திருந்தால் அவர் படலையைத் தாண்டி வெளியே போயிருப்பார், பிறகு வந்திருக்கவே மாட்டார்.

கனிவு என்றால் வாயை மூடிக்கொண்டு இருப்பதல்ல என்று அன்று சிஸ்டர் காட்டினார். குற்றம் செய்தவரைக் கனிவோடு திருத்தச் சொல்லி கலாத்தியருக்குப் பவுல் எழுதுவதும் அதைத்தான். ஆண்டவர் இயேசு எருசலேம் கோயிலில் வியாபாரிகளின் மேசைகளைக் கவிழ்த்ததைச் சிலர் தங்கள் கோபத்துக்குச் சாட்சியாக இழுப்பார்கள். யோவான் நற்செய்தியில் எழுதியதைக் கவனித்துப் படியுங்கள். காசு மாற்றுகிறவர்களின் மேசைகளைக் கவிழ்க்கிறார், ஆடு மாடுகளைத் துரத்துகிறார். ஆனால் புறா விற்கிறவர்களிடம் வந்ததும், இவற்றை இங்கிருந்து எடுத்துக்கொண்டு போங்கள் என்று வாயால் சொல்கிறார். காசு சிதறினால் பொறுக்கலாம், மாடு ஓடினால் பிடிக்கலாம். கூட்டைக் கவிழ்த்தால் உள்ளே இருக்கும் புறாவுக்கு அடிபடும். எழுதியவர் இப்படி நினைத்து எழுதினாரோ தெரியாது, எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

என் மனைவிக்கு ஊரறிய நன்றி சொல்வது எங்கள் வீட்டு வழக்கமில்லை. அவளுக்கு வெட்கமாகவும் இருக்கும். இருந்தாலும் சொல்கிறேன். அவள் மென்மையான ஆள் அல்ல. மரக்கறிச் சந்தையில் அவளோடு விலை பேசியவர்களுக்கு இது தெரியும். மாமனாரும் மருமகளும் நல்ல காலத்திலேயே சரிக்குச் சரி நின்றவர்கள். பகலில் தம்பி இருப்பார், அன்ரி இருப்பார். இரவில் ஈரத்துணி மாற்றியது அவள்தான். சில இரவுகளில் குரல் உயர்ந்துவிடும், பிறகு குசினிக்குள் போய் நின்று அழுவாள். இதை ஒருநாள் பாதரிடம் சொன்னாள். அவர் புனித பிரான்சிஸ் சலேசியாரைப் பற்றிச் சொன்னார். 1567இல் பிறந்து 1622இல் இறந்த ஆயர். கனிவுக்குப் பேர்போன அவரும், கோபம் வந்துவிட்டதே என்று தன்மீதே கோபப்படக் கூடாது, அது முதல் கோபத்துக்கு மேலே இன்னொன்று, விழுந்த மனதை அமைதியாக எழுப்பித் திரும்பத் தொடங்க வேண்டும் என்றுதான் படிப்பித்திருக்கிறார். அப்படியென்றால் எனக்கும் வழி இருக்கிறது என்றாள். அதன் பிறகு குரல் உயராமல் இருக்கவில்லை. ஆனால் குசினி அழுகை நின்றது. திரும்பிப் போய், "சரி மாமா, முதலில இருந்து பாப்பம்" என்பாள். கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் தூய ஆவியின் கனிகளைச் சொல்லும்போது கனிவுக்குப் பக்கத்தில் தன்னடக்கம் நிற்கிறது. அந்த இரண்டும் பிறவிக் குணமாக வந்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. பழமாகப் பழுத்து வந்ததை என் வீட்டில் கண்டேன்.

அடக்கத் திருப்பலியில் பாதர் நம் நாட்டுப் புனிதர் யோசேப்பு வாஸ் அடிகளை நினைவுபடுத்தினார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது, கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடிப்போய், உணவு கொடுத்து, கழுவி, இறந்தவர்களைப் புதைத்தவர். நோயாளியின் மதத்தை அவர் கேட்கவில்லை. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தபோது அப்பாவும் பஸ் பிடித்துப் போயிருந்தார். கூட்டத்தில் ஆரோ தள்ளிவிட்டார்கள் என்று ஏசிக்கொண்டுதான் திரும்பி வந்தார் என்பது வேறு விஷயம்.

வாட்டில் இருந்த தாதியருக்கும், உண்மையை மறைக்காமல், ஆனால் நின்ற நிலையில் சொல்லிவிட்டு ஓடாமல் எங்களோடு உட்கார்ந்து சொன்ன வைத்தியருக்கும், கனடாவிலிருந்து தினமும் வீடியோவில் வந்து அப்பாவோடு செபமாலை சொன்ன தங்கச்சிக்கும் நன்றி. கடைசி நாளும் அவளோடு செபமாலையின் ஒரு பத்து மணிகளை முழுதாகச் சொன்னார். அதற்குப் பிறகு தம்பியை ஒரு ஏச்சு ஏசினார். தம்பி, "ஓம் ஐயா" என்றார்.

31ஆம் நாள் நினைவுத் திருப்பலி வரும் சனிக்கிழமை மாலை எங்கள் பங்கு ஆலயத்தில். முடிய வீட்டில் சாப்பாடு. மரக்கறிச் சமையல் தனியாக இருக்கும், எல்லோரும் வாருங்கள்.

இன்னொன்று. அப்பாவின் சக்கர நாற்காலி, காற்று மெத்தை, தலைப்பக்கம் உயர்த்தும் கட்டில் மூன்றும் நல்ல நிலையில் இருக்கின்றன. படுக்கையில் ஆள் இருக்கும் வீட்டார் யாராக இருந்தாலும், எந்தக் கோயிலுக்கோ பள்ளிக்கோ போகிறவர்களாக இருந்தாலும், பங்குப் பணிமனையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காசு வேண்டாம். மெத்தையின் பம்ப் இரவில் கொஞ்சம் இரைச்சல் போடும், பழகிவிடும். கட்டிலைத் தூக்க மட்டும் இரண்டு பேராக வாருங்கள். அப்பாவை எப்படித் திருப்பினோம் என்று காட்டித்தர என் மனைவியும் வருவாள்.

இங்ஙனம்,
மகன், மருமகள், மகள், பேரப்பிள்ளைகள்
பாலையூற்று, திருகோணமலை