மூணு கல்

நம்புலா, மொசாம்பிக்
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நீ சொல்லச் சொல்ல மைனி எழுதின கடிதம் நேத்துதான் கைக்கு வந்தது. ஆடியில போட்டது, ஓணம் கழிஞ்சு வந்து சேர்ந்திருக்கு. நாலு மாசமா நான் ஒரு வரி எழுதல்லன்னு நீ வருத்தப்பட்டது நியாயம்தான். போனில பேசினா ‘சாப்பிட்டியா’ங்கிறதோட லைன் அறுந்துபோகுது. இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை, உக்காந்து எழுதுறேன். எனக்கு ஒரு குறைவும் இல்ல. மைனி இதைப் பைய வாசிச்சுக் காட்டட்டும். கிணத்தைப் பத்தி எழுதியிருக்கிற இடத்தை அண்ணன் ரெண்டு தடவை வாசிக்கணும்.

நீ கேட்டிருந்தே: “தென்னையும் கொல்லாமரமும் மரச்சீனியும் நிக்கிற ஊருன்னு சொல்லுற, பின்ன சனங்க எப்படிப் பட்டினி கிடக்கும்?” பக்கத்து வீட்டுப் பாட்டியை வச்சுச் சொல்லுறேன், உனக்குச் சட்டுன்னு புரியும்.

பாட்டி காலையில எழும்பினதும் ஒரு மரக்கட்டையைக் கல்லில உரசி, வெள்ளையா வர்ற விழுதை மூஞ்சி பூரா பூசிக்கிடுவாங்க. முஸீரோன்னு பேரு. நீ மஞ்சள் பூசுற மாதிரிதான், ஆனா காய்ஞ்சதும் சுண்ணாம்பு அடிச்ச சுவர் போல ஆயிடும். அவங்க மக்குவா பாஷை எனக்கு அரைகுறை. நான் தமிழில பேசுவேன், அவங்க மக்குவாவில பேசுவாங்க. கிழங்கு விஷயத்தில ரெண்டு பேருக்கும் குழப்பமே வராது.

இங்க மரச்சீனிக் கிழங்குதான் சோறு, மத்த ஊரில மரவள்ளின்னு சொல்லுவாங்களே அது. நம்ம விளையில நிக்கிற மாதிரி இனிப்புக் கிழங்கு கொஞ்சம்தான், மிச்சம் எல்லாம் கைப்புக் கிழங்கு. எலியும் பன்றியும் லேசில தொடாது, மழை பொய்த்தாலும் தாங்கும், பிடுங்காம விட்டா மண்ணுக்குள்ளேயே கிடக்கும். ஏழை வீட்டுக்கு அதுதான் தைரியம். ஆனா அதில விஷம் உண்டு. நம்ம செவலை ஆடு மரச்சீனி இலை தின்னு நுரை தள்ளி விழுந்தது ஓர்மை இருக்கா? அதே விஷம், சயனைடு. கிழங்கு அவிக்கும்போது “முதல் வெள்ளத்தை ஊத்திக் களையணும்”னு நீ சின்னவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுக்காகத்தான்.

கைப்புக் கிழங்குக்கு வெள்ளம் ஊத்திக் களைஞ்சா மட்டும் போதாது. பாட்டி தோலை உரிச்சு, குவிச்சு, மேல இலையும் புல்லும் போட்டு மூடிடுவாங்க. மூடின அன்னைக்குத் திண்ணையில மூணு கல் வைப்பாங்க. தினம் ஒரு கல்லை எடுப்பாங்க. மூணும் தீர்ந்தபிறகுதான் மூடாக்கைத் திறக்கணும். அதுக்குள்ள கிழங்கு நெகிழ்ந்து, மேல கறுப்பாப் பூஞ்சை பிடிச்சிருக்கும். அதைக் கத்தியால சுரண்டிட்டு, வெயிலில காய வச்சு, உரலில இடிச்சு, சலிச்சு மாவாக்குவாங்க. கொதிக்கிற தண்ணியில போட்டுக் கிண்டினா களி. கரக்கட்டான்னு பேரு. அந்த மூணு நாளில கிழங்கோட உள்ளே இருக்கிற செல்கள் உடைஞ்சு விஷம் வெளியேறும். உடையாத கிழங்கை வெறும் வெயிலில காய வச்சா விஷம் பெரும்பாலும் உள்ளேயே நின்னுடும். இதை எந்த ஆபீசரும் பாட்டிக்குச் சொல்லிக்கொடுக்கல்ல, அவங்க அம்மா சொன்னது.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். வடக்கே காபோ டெல்காடோன்னு ஒரு மாகாணம். 2017 அக்டோபரில மொசிம்போவா தா பிரையாங்கிற கடலோர ஊரில ஆயுதக் கும்பல் புகுந்தது, அதிலிருந்து சண்டை ஓயல்ல. லட்சக்கணக்கான சனம் வீட்டை விட்டு இறங்கிடுச்சு. எல்லாரும் முகாமில இருக்காங்கன்னு நினைக்காதே, பெரும்பாலானவங்க சொந்தக்காரங்க வீட்டில, அறிஞ்சவங்க வீட்டில ஒதுங்கியிருக்காங்க. பாட்டி வீட்டிலயும் அவங்க ஆறு பேரோட தங்கச்சி குடும்பம் பதினோரு பேர். பத்து நாளைக்குன்னு இடிச்ச மாவு மூணு நாளில தீரும். அடுத்த குவியல் பக்குவமாகல்ல, பிள்ளைங்க அழுதா என்ன செய்வாங்க? திண்ணையில மூணு கல்லுக்குப் பதிலா ரெண்டு, பிறகு ஒண்ணு. போன மாசம் ஒருநாள் கல்லே இல்ல.

பட்டினின்னா பானையில ஒண்ணுமே இல்லாதது மட்டும் இல்ல அம்மா. காத்திருக்க நேரம் இல்லாம போறதும் பட்டினிதான்.

அதோட வரட்சியும் சேர்ந்தா கொடுமை. தண்ணி கிடைக்காத செடி விஷத்தைக் கூட்டி வைக்கும். விஷம் கூடின வருஷத்திலதான் கிழங்கை மூடி வைக்க நாளும் இருக்காது, கூடச் சேர்த்துத் தின்ன மீனும் பயறும் இருக்காது. மீன், முட்டை, பயறு இதில இருக்கிற கந்தகச் சத்துதான் உடம்புக்குள்ள போன விஷத்தை முறிச்சு மூத்திரத்தில தள்ளுறது. நாம கிழங்கோட சாளைக் கறி வைக்கிறது நாக்குக்கு மட்டும் இல்ல. வாரக்கணக்கில வெறும் களியையே தின்னா ஒருநாள் திடீர்னு ரெண்டு காலும் விறைச்சுக்கும். காலையில நல்லா நடந்த பிள்ளை சாயங்காலம் எழும்பாது. கோன்ஸோன்னு பேரு. காங்கோவில யாக்கா சனங்களோட பேச்சிலிருந்து வந்த சொல், கட்டின கால்னு அர்த்தம். 1981 வரட்சியில இதே நம்புலா மாகாணத்தில 1,100 பேருக்கு மேல கால் போச்சு, அதிகமும் பெண்களும் பிள்ளைகளும். அப்ப இந்த மாகாணத்து நக்காலா ஊரில இருந்த ஹான்ஸ் ரோஸ்லிங்ங்கிற சுவீடன் டாக்டரும் மத்தவங்களும் ஊர் ஊரா அலைஞ்சு, தொத்துவியாதி இல்ல, கிழங்குதான்னு கண்டுபிடிச்சாங்க. 1992, 93-ல உள்நாட்டுப் போர் முடியுற நேரத்தில இதே மாகாணத்து மொஜின்குவால் பக்கம் திரும்பவும் வந்தது. வந்தபிறகு மருந்து கிடையாது. கூடவும் செய்யாது, குணமாகவும் செய்யாது, பிள்ளை ஆயுசுக்கும் விரல்நுனியில கம்பு ஊன்றி நடக்கும்.

ஆனா வராம தடுக்கிறது லேசு. நாங்க இங்க செய்யுற நிவாரணச் சோலியில எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான். மாவை ஒரு பாத்திரத்தில போட்டு, எதுவரை நிக்குதுன்னு உள்பக்கம் ஒரு கோடு போடணும். தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கிளறினா மாவு முதல்ல அமுங்கும், பிறகு பைய ஏறும். பழைய கோட்டுக்கு வந்ததும் நிறுத்திடணும், அதுதான் அளவு. அந்த ஈரமாவைப் பாயில ஒரு சென்டிமீட்டருக்கு மேல போகாம மெல்லிசாப் பரத்தணும். வெயிலில ரெண்டு மணி நேரம், நிழலில அஞ்சு மணி நேரம். விஷம் ஆவியாப் போயிடும், மூணில ஒரு பங்கோ அதிலும் குறைவோதான் மிஞ்சும். அன்னைக்கே களி கிண்டிடணும், வச்சிருந்தா புளிச்சுப் பூஞ்சை பிடிக்கும். செலவு ஒரு காசு இல்ல.

தப்பு நடக்கிறது பரத்துற இடத்தில. பாய் ஒண்ணுதான், ஆள் பதினேழு, அதனால மாவை மேடு மாதிரி குவிச்சுடுவாங்க. அடியில இருக்கிறது அப்படியே கிடக்கும். அதனால மாவு கொடுக்கிறதைவிடப் பாய் கொடுக்கிறது முக்கியம்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். பாட்டி இப்ப பரத்தின மாவை நாக்குநுனியில வச்சுத் துப்பிப் பார்த்து, கைப்பு போனபிறகுதான் அடுப்புக்குக் கொண்டுபோவாங்க. எங்ககிட்ட மஞ்சள் காகிதம் இருக்கு, குப்பியில மாவோட ராத்திரி மூடி வச்சா விஷத்துக்கு ஏற்றபடி தவிட்டு நிறமாகும். பாட்டி நாக்கு அதுக்கு ஒத்துத்தான் வருது.

சின்னப் பிள்ளைகளுக்குக் கையில நாடா சுத்திப் பார்க்கிறோம். ஆறு மாசத்திலிருந்து அஞ்சு வயசு வரை, மேல்கைச் சுத்தளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனா சிவப்பு. ரெண்டு புறங்காலிலயும் கட்டைவிரலால மூணு செகண்டு அமுக்கணும். எடுத்தபிறகும் குழி நின்னா, நாடா என்ன காட்டினாலும் ஆபத்துதான். பிள்ளை கொழுகொழுன்னு இருக்குன்னு தாய் சந்தோஷப்படுவா, அது நீர்வீக்கம். நிலக்கடலையும் பால்பொடியும் சேர்த்த பசை கொடுக்கிறோம், ஒரு பொட்டலம் 92 கிராம், 500 கலோரி. நோஞ்சான் பிள்ளைக்குன்னு கொடுக்கிறதை வீட்டில நாலு பிள்ளைக்கும் பிரிச்சுக் கொடுத்துடுவாங்க. எந்தத் தாயைத்தான் குறை சொல்ல முடியும்?

புயலும் விட்டுவைக்கல்ல. போன டிசம்பரில சீடோ, ஜனவரியில டிக்கெலேடி, மார்ச்சில ஜூட், மூணு மாசத்துக்குள்ள மூணு. ஒக்கிப் புயலில நம்ம பக்கம் ரப்பரும் வாழையும் கிடந்த கிடப்பை நினைச்சுக்கோ, அதை மூணு தடவை.

இங்க காலரா அடிக்கடி வரும். காலராவைவிட வதந்தி மோசம். குளோரினுக்குப் போர்த்துகீசில குளோரு, காலராவுக்குக் கோலரா. காதுக்கு ரெண்டும் ஒண்ணு போலக் கேட்கும். கிணத்தில மருந்து போட வர்றவங்கதான் நோயைப் போடுறாங்கன்னு சனம் நம்பிடும், ஆளை அடிச்சும் இருக்காங்க. 2024 ஏப்ரல் 7-ஆம் தேதி, காலரா வருதுன்னு பயந்து லுங்காங்கிற ஊரிலிருந்து மொசாம்பிக் தீவுக்கு ஒரு மீன்பிடி படகில நூத்துக்கு மேல ஆள் ஏறினாங்க. படகு கவிழ்ந்து தொண்ணூறு பேருக்கு மேல செத்தாங்க, பாதிக்கு மேல பிள்ளைங்கன்னு சொல்லுவாங்க. குளச்சலில ஒரு வள்ளத்தில எத்தனை பேர் ஏறலாம்னு உனக்குத் தெரியும். அதனால நாங்க குளோருங்கிற வார்த்தையைச் சொல்லுறதில்ல. தண்ணி மருந்துன்னு சொல்லி, ஊர்ப் பெண்கள் கையாலேயே கலக்க வைக்கிறோம், கலக்கினதை முதல்ல நாங்க குடிக்கிறோம்.

70 சதவீதக் குளோரின் பொடி 15 கிராமை ஒரு லிட்டரில கரைச்சா ஒரு சதவீதக் கரைசல். அதில 2 மில்லி எடுத்து 20 லிட்டர் கேனில விட்டா, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். அரைமணி நேரம் கழிச்சுச் சோதிச்சுப் பார்த்தா அரை மில்லிகிராமாவது மிஞ்சியிருக்கணும். கலங்கல் தண்ணியில அழுக்கே மருந்தைத் தின்னுடும், அதனால தெளிய வச்சுத்தான் போடணும்.

இன்னொண்ணு. நீ அண்டி ஆபீசில முந்திரிக்கொட்டை உடைச்ச காலத்தில, ஆப்பிரிக்காச் சாக்குன்னு வந்து இறங்கும் இல்லையா. அது இங்கேயிருந்தும்தான் வந்தது. இங்கேயும் அண்டி ஆபீஸ் இருந்தது அம்மா. 1995-ல உலக வங்கி சொல்லுக்குக் கட்டுப்பட்டு, தோல் உரிக்காத அண்டியை வெளியே அனுப்புற வரியைக் குறைச்சாங்க. சரக்கு கப்பல் ஏறிடுச்சு, இங்க ஆலைகள் மூடினது, ஆயிரக்கணக்கான பேருக்கு வேலை போச்சு. பாட்டியோட கையைப் பார்த்தேன், உன் கை மாதிரியே விரலிடுக்கில அண்டிப்பால் சுட்ட கறுப்பு. உன் கூலியில வளர்ந்த நான் அவங்க திண்ணையில உக்காந்திருக்கேன். அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல்ல.

விடியக்காலம் நாலரைக்கு உரல் சத்தம் கேட்கும். கண்ணை மூடிக் கிடந்தா நம்ம வீட்டு அடுக்களைப் பின்னாடிதான் இடிக்கிற மாதிரி இருக்கும். எழும்பி ‘அம்மா, சாயா’ன்னு கேட்க வாய் வரும். நேத்து உன் கடிதத்தைப் பிரிச்சப்ப காகிதத்தில தேங்காயெண்ணெய் வாடை அடிச்சது. இன்னும் தலையணைக்கு அடியிலதான் வச்சிருக்கேன்.

சரி, வீட்டு விஷயம். சித்தப்பா கேட்கிற நடைபாதைக்கு நான் வர்றவரைக்கும் எந்தக் காகிதத்திலயும் கையெழுத்துப் போடாதே. சின்னவளோட நர்சிங் பீஸ் ரெண்டாம் தவணைக்கு டிசம்பர் வரை நேரம் கேட்கச் சொல்லு, எழுதிக் கேட்டா கொடுப்பாங்க. ஜனவரியில அமெரிக்கா உதவிப் பணத்தை நிறுத்தினதில இங்க பல ஆபீசில ஆளைக் குறைச்சிட்டாங்க. எனக்கு அதில ஒண்ணும் இல்ல, பணம் மட்டும் ரெண்டு மாசத்துக்குக் கொஞ்சம் குறைவா வரும். மைனியோட வளையலைத் தை மாசத்தில திருப்பிடலாம், வட்டியை மட்டும் அண்ணன் ரப்பர் பால்வெட்டுக் காசில கட்டட்டும். மைனி, மனசில வச்சுக்காதீங்க. மாசி மண்டைக்காட்டுக் கொடைக்கு வரப் பார்க்கிறேன்.

அண்ணனுக்கு: ஆடிச் சாரலில ரோட்டுத் தண்ணி கிணத்தில இறங்கினதா மைனி எழுதியிருந்தாங்க. நம்ம கிணறு ரெண்டு மீட்டர் அகலம், மூணு மீட்டர் தண்ணி நிக்கும்னு வச்சா சுமார் 9,400 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு ரெண்டரை கிராம் ப்ளீச்சிங் பவுடர்னு கணக்கு, 24 கிராம் வரும். வெளித்தண்ணி புகுந்ததால ரெண்டு மடங்கு, 50 கிராம் போடு. பவுடரை நேரா கொட்டாதே. பிளாஸ்டிக் வாளியில கொஞ்சம் தண்ணி விட்டுக் குழைச்சு, பிறகு முக்கால் வாளி தண்ணி சேர்த்துக் கலக்கி, பத்து நிமிஷம் வை. சுண்ணாம்பு அடியில தங்கும். மேல தெளிஞ்சதை மட்டும் வேற வாளியில மாத்தி, கயிறு கட்டித் தண்ணிக்கு அடி வரை இறக்கி மேலயும் கீழயும் ஆட்டு. ராத்திரி போட்டா காலையில எடுக்கலாம், லேசா வாடை இருக்கணும். புதுப் பாக்கெட்டா வாங்கு, திறந்து கிடந்த பவுடரில சத்து இருக்காது. கிணத்துக் கயிறும் இத்துப்போயிருக்கும், வாளி இறக்குறதுக்கு முன்னாடி மாத்திடு.

அன்புடன்,
உன் மூத்தவள்