மாட்டுக்குப் போடும் வலி ஊசியும் மோயாற்றுப் பாறுகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிணந்தின்னிக் கழுகுகளைக் கொல்லும் மாட்டு வலி மருந்தான டைக்ளோபினாக்கைத் தடை செய்து இத்தனை வருடம் ஆகிவிட்டதே, இன்னும் ஏன் அதே பேச்சு என்று மாடு வளர்ப்பவர்களும் மருந்துக் கடைக்காரர்களும் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் முதலில் தடை ஒரு மருந்துக்கு மட்டும்தான் வந்தது. அதே வேலையைச் செய்யும் மற்ற மருந்துகள் கடையில் அப்படியே இருந்தன.

பிணந்தின்னிக் கழுகு என்று நாம் சொல்லும் பாறுகள் 1990-களில் வட இந்தியாவில் கொத்துக் கொத்தாகச் செத்தபோது முதலில் தொற்றுநோய் என்றுதான் நினைத்தார்கள். 2004-இல்தான் காரணம் தெரிந்தது. மடிநோய்க்கும் காய்ச்சலுக்கும் மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக், மாடு செத்த பிறகும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்கியிருந்தது. அதைத் தின்ற பாறுக்கு இரண்டொரு நாளில் சிறுநீரகம் கெட்டுவிடும். பறவைகள் கழிவை யூரிக் அமிலமாகத்தான் வெளியேற்றும். வழி அடைபட்டதும் அது இரத்தத்தில் ஏறி, உள்ளுறுப்புகளின் மேல் படிகமாகப் படியும். செத்த பாறின் உடலைத் திறந்தால் ஈரலும் இதய உறையும் சுண்ணாம்புச் சாந்து பூசியதுபோல் வெளுத்திருக்கும். அடைப்பான் நோயில் செத்த மாட்டைத் தின்றே செரிக்கும் வயிறு அது. இந்த மருந்தை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

அளவைப் பாருங்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் டைக்ளோபினாக் உள்ளே போனால் வெண்முதுகுப் பாறுகளில் பாதி செத்துவிடும். ஐந்து கிலோ பறவைக்கு அது மிஞ்சினால் ஒரு மில்லிகிராம்தான். மனிதர்களுக்குப் போடும் 3 மில்லி ஆம்பூல் (சிறு கண்ணாடிக் குப்பி) ஒன்றில் 75 மில்லிகிராம் இருக்கிறது. 760 மாட்டுப் பிணங்களில் ஒன்று முதல் 130-இல் ஒன்று வரை இந்த மருந்தோடு கிடந்தாலே நடந்த அழிவு முழுவதுக்கும் அது போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பாறு வருடத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இனம் பெருக்க ஐந்து வருடம் போல் ஆகும். ஒரே பிணத்தில் கூட்டமாக உட்கார்ந்து தின்கிற பறவை வேறு. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் போய்விட்டன.

2006-இல் கால்நடைக்கான டைக்ளோபினாக் தடை செய்யப்பட்டது. உடனே மனிதர்களுக்கான 30 மில்லி குப்பி மாட்டுக்குப் போனது. 2015-இல் அந்தப் பெரிய குப்பியையும் நிறுத்தி, ஒருவேளைக்கான 3 மில்லி ஆம்பூல் மட்டும் என்றார்கள். நான்கு ஆம்பூலை உடைக்கிற கை இருந்தால் அதுவும் மாட்டுக்குப் போகும். மற்ற வலி மருந்துகளில் அசிக்ளோபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோபினாக்காகவே மாறுகிறது, பெயர்தான் வேறு. கீட்டோபுரோபன் பாறுகளைக் கொல்லும் என்பது 2010 வாக்கிலேயே தெரிந்த விஷயம். இந்த இரண்டுக்கும் நாடு முழுவதும் தடை வந்தது 2023-இல். நிமெசுலைடுக்கு 2024 இறுதியில். இந்தத் தடைகள் எதிலும் அதே வகை வலி மருந்தான புளூனிக்சின் இல்லை.

எங்கள் ஆட்சேபம் இதுதான். பறவை சாகட்டும், ஆராய்ச்சி வரட்டும், பிறகு தடை போடலாம் என்கிற வரிசை தலைகீழானது. மாட்டுக்கான வலி மருந்து எதுவானாலும், பாறுகளுக்குத் தீங்கில்லை என்று சோதித்துக் காட்டிய பிறகே விற்பனைக்கு வர வேண்டும். அப்படிச் சோதனையில் தேறியவை இருக்கின்றன: மெலாக்சிகாம், டோல்பெனாமிக் அமிலம்.

மெலாக்சிகாம் கேட்கவில்லை, பழைய ஊசிபோல் சட்டென்று எழவில்லை என்ற குறை மாட்டுக்காரர்களிடம் உண்டு. பல இடங்களில் தவறு அளவில் இருக்கிறது. கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்றால் 300 கிலோ மாட்டுக்கு 150 மில்லிகிராம் வேண்டும். மில்லிக்கு 5 மில்லிகிராம் உள்ள மருந்தானால் 30 மில்லி. பழக்கதோஷத்தில் 15 மில்லியோடு நிறுத்தினால் பாதி மருந்துதான் போயிருக்கிறது. வலி எப்படிக் குறையும்? செறிவு கூடிய குப்பியும் வருகிறது என்பதால், கண்ணை மூடிக்கொண்டு மில்லிக் கணக்கில் போடாமல் லேபிளில் உள்ள மில்லிகிராமைப் பார்த்துப் போட வேண்டும். குப்பியின் முகப்பில் பெரிதாக இருப்பது வியாபாரப் பெயர். உள்ளிருக்கும் மருந்து, அதன் கீழே பொடி எழுத்தில் இருக்கும். வாங்குபவர் படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தை.

ஊசி போட்ட மூன்று நாளுக்குள் மாடு செத்துவிட்டால்தான் பெரிய ஆபத்து. எந்த ஊசி என்று தெரியாவிட்டால், ஊசி போட்டு ஒரு வாரத்துக்குள் செத்த எதையும் வெட்டவெளியில் போடாமல், ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதே நல்லது. மேலோட்டமாக மண் தள்ளினால் இரவே நாய் தோண்டிவிடும். விடிந்ததும் பாறு இறங்கும். எந்த மருந்தும் போடாத மாடு மேய்ச்சலில் செத்தால் கதை வேறு. காட்டோரத்தில் அது பாறுகளுக்குச் சோறு. புலி அடித்த மாட்டின் மேல் ஆத்திரத்தில் குருணைப் பூச்சிமருந்தைத் தூவுவது புலியோடு பாறுக் கூட்டத்தையும் சேர்த்துக் கொல்லும். அது வன உயிரினச் சட்டப்படி குற்றமும்கூட.

தமிழ்நாட்டில் வெண்முதுகுப் பாறு கூடு வைத்து நிலைத்திருப்பது மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான். சிறியூர்ப் பக்கம் ஆற்றோர நீர்மத்தி மரங்களின் உச்சியில் கூடுகளைப் பார்க்கலாம். அதனால் இது பக்கத்திலுள்ள மசினகுடிக்காரர் கவலை என்று மற்றவர்கள் ஒதுங்க முடியாது. இரைதேடி நூறு கிலோமீட்டர் சுலபமாகப் போய்வரும் பறவை அது. மோயாற்றிலிருந்து அவ்வளவு தூரத்துக்கு வட்டம் போட்டால் கோவை, ஈரோடு, வயநாடு, மைசூர் எல்லாம் உள்ளே வந்துவிடும். திருக்கழுக்குன்றத்தில் உச்சி வேளைக்கு வந்து சோறு வாங்கித் தின்ற மஞ்சள்முகப் பாறுகள் வராமல் போனதை இன்றும் சொல்லி வருந்துகிறோம். இருக்கிற இடத்தில் காப்பாற்றுவதற்கு அவ்வளவு பேச்சு எழுவதில்லை.

கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு ஒரு சிறு வேண்டுகோள். காப்பீட்டுக்காகக் காது வில்லையைக் கழற்றிப் பிணப் பரிசோதனைச் சான்று எழுதும்போது, கடைசி ஏழு நாளில் போட்ட ஊசியின் பெயர், அளவு, தேதி மூன்றுக்கும் அந்தப் படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள். காசு செலவில்லாத வேலை. எந்தத் தாலுகாவில் எந்த மருந்து ஓடுகிறது என்று ஆறே மாதத்தில் தெரிந்துவிடும். மருந்துக் கட்டுப்பாட்டு ஆய்வாளர்கள் எந்தக் கடைக்கு முதலில் போக வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவர்கள் சிலர்,
நீலகிரி மாவட்டம்.