15-ஆம் தேதி

அன்புள்ள கண்ணுக்கு,

நலம்தானே. இங்கே அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, பனி ஆரம்பித்துவிட்டதால் காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்கிறது, மற்றபடி ஒன்றும் இல்லை. சின்ன மாமா வீட்டுக் கிரகப்பிரவேசம் தை மாதம் என்று முடிவாகிவிட்டது, அதை அவரே உன்னைக் கூப்பிட்டுச் சொல்வார். போனில் பேசலாம் என்று இரண்டு தடவை அடித்தேன், மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னாய். சரி, எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். போனில் என்றால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு மோட்டார் ரிப்பேர் கதை பேசி வைத்துவிடுவேன்.

தீபாவளிக்கு வந்தபோது உன் கம்பெனி எப்படிப் போகிறது என்று கேட்டேன். "போகுதுப்பா" என்றாய். முன்பெல்லாம் கேட்கவே வேண்டாம், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே புதுசாக எத்தனை கஸ்டமர், யார் யார் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வருவாய். இந்தத் தடவை ஒரு எண்கூட உன் வாயிலிருந்து வரவில்லை. அம்மா வைத்த இட்லியில் இரண்டு அப்படியே இருந்தது. ராத்திரி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய். அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனது ஆறவில்லை.

பட்டறையை மூடிய பிறகு எனக்கு வந்த பழக்கம் உனக்குத் தெரியும், நாட்டில் எத்தனை தொழில் தொடங்கினார்கள், எத்தனை மூடினார்கள், எத்தனை பேருக்கு வேலை என்று எங்கே வந்தாலும் அந்தப் பச்சை நோட்டில் எழுதி வைப்பேன். நேற்று அதைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அமைப்புசாராத் தொழில்களைப் பற்றி மத்திய அரசு எடுக்கிற சர்வேயில், விவசாயத்தைச் சேர்க்காமல், 2015-16-இல் நாடு முழுக்க சுமார் 6.3 கோடி நிறுவனங்கள், அவற்றில் 11 கோடிப் பேர். 2021-22-இல் எடுத்தபோது நிறுவனங்கள் 6 கோடிக்குச் சற்றுக் கீழே, ஆட்கள் 10 கோடிக்கும் கீழே போய்விட்டார்கள். நடுவில் நடந்ததெல்லாம் நீ கூடவே இருந்து பார்த்ததுதான். 2016 நவம்பர் 8 ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம், அந்தச் சனிக்கிழமைக் கூலிக்கு நான் எடுத்து வைத்திருந்த கட்டு முழுக்க ஐநூறும் ஆயிரமுமாக இருந்தது. அடுத்த ஜூலையில் ஜிஎஸ்டி. பொருள் பம்ப் கம்பெனிக்காரனுடையது, கைவேலை மட்டும்தான் நம்முடையது, அந்தக் கூலிக்கும் 18 சதவீதம் போட்டார்கள். அதை 12 ஆகக் குறைத்தது 2019 அக்டோபரில். நாம் ஷட்டரை இறக்கியது நவம்பரில். அப்புறம் கொரோனா. இப்போது எண்ணிக்கை ஏறிவிட்டது, 2023-24-இல் 7.3 கோடி நிறுவனங்கள், 12 கோடிப் பேர்.

ஏறிவிட்டதே என்று சந்தோஷப்பட எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த 7.3 கோடியில் பத்துக்கு எட்டுக்கும் மேல், சம்பளத்துக்கு ஒரு ஆள்கூட இல்லாதவை. நம் பட்டறையையே எடுத்துக்கொள். 24 பேர் இருந்தார்கள், மூடியதும் ஒரு நிறுவனம் போயிற்று. பொள்ளாச்சி அண்ணன் இப்போது வீட்டுக்கு முன்னால் தகரம் போட்டு ஒரு பழைய லேத்தில் மோட்டார் ஷாஃப்ட் கடைகிறார், அவர் ஒரு நிறுவனம். ஃபிட்டர் தம்பி டூ வீலர் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறான், அது ஒன்று. டிரில்லிங்கில் நின்ற அக்கா மாவு அரைத்து விற்கிறார், அதுவும் ஒன்று. கணக்குப்படி ஒன்று போய் மூன்று வந்திருக்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், ஆயுத பூஜைக்கு ஒரு சட்டைத் துணி என்று இருந்த அந்த 24 வேலை எங்கே? வேலை பார்க்கிறவர்களில் சொந்தமாகச் செய்கிறவர்கள் 2017-18-இல் 52 சதவீதம், 2023-24-இல் 58. கடையில் கூலி இல்லாமல் நிற்கிற மனைவியும் மகனும் அந்த 58-க்குள்தான் வருகிறார்கள். தொழில் பெருகுகிறது என்று யாராவது சொன்னால் எத்தனை தொழில் என்று நான் கேட்பதில்லை, ஒரு தொழிலில் எத்தனை பேர் என்றுதான் கேட்பேன்.

அதனால்தான் நீ 31 பேருக்குச் சம்பளம் போடுகிறாய் என்றதும் எனக்கு அவ்வளவு பெருமை. காலையில் கூட நடக்கிறவர்களில் அதை நான் சொல்லாத ஆள் இல்லை. முப்பது வருஷம் பட்டறை நடத்தியும் நான் 24-ஐத் தாண்டியதில்லை, நீ மூன்றே வருஷத்தில் தாண்டிவிட்டாய்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், 15-ஆம் தேதியைத் தவறவிடாதே. போன மாசத்து பி.எஃப்.-ஐ 15-க்குள் கட்டிவிட வேண்டும். வாடகையைத் தள்ளலாம், ஆடிட்டர் ஃபீஸைத் தள்ளலாம், நீயும் அந்தப் பார்ட்னர் பையனும் எடுக்கிற சம்பளத்தை அடியோடு நிறுத்தலாம். அதைத் தள்ளாதே.

உன் கம்பெனிக்கு ஆவணியோடு நான்கு வருஷம் முடிந்தது. அமெரிக்காவில் தொடங்கின தேதியிலிருந்து ஒவ்வொரு தொழிலாகப் பின்தொடர்ந்து கணக்கு வைக்கிறார்கள். முதல் வருஷத்திலேயே ஐந்தில் ஒன்று மூடிவிடுகிறது, ஐந்து வருஷத்துக்குள் ஏறக்குறைய பாதி போய்விடுகிறது. பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள், கையில் பணம் உள்ளவர்கள் எல்லோரும் அதில் உண்டு. மூடுவதில் கேவலம் ஒன்றும் இல்லை கண்ணு. நம் ஊரில்தான் அதை ஏதோ சாவு வீட்டு விஷயம் போலத் தாழ்ந்த குரலில் பேசுகிறோம், அதனால் எப்படி ஒழுங்காக மூடுவது என்று யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

பொதுவாகத்தான் சொல்கிறேன். பிரைவேட் லிமிடெட் என்றால் பாக்கிகளை எல்லாம் தீர்த்துவிட்டு, பதிவேட்டிலிருந்து கம்பெனிப் பெயரை நீக்கச் சொல்லி எஸ்.டி.கே-2 படிவம் போட வேண்டும், டைரக்டர்கள் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும், 2023-லிருந்து இதற்கென்றே தனியாக ஒரு மையம் வைத்திருக்கிறார்கள். ஜிஎஸ்டி-யைக் கேன்சல் செய்தால் மூன்று மாதத்துக்குள் கடைசி ரிட்டர்ன் போட வேண்டும். பூட்டிவிட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது. மூன்று வருஷம் தொடர்ந்து கணக்குத் தாக்கல் செய்யாவிட்டால் ஐந்து வருஷத்துக்கு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக உட்கார முடியாது. 2017-இல் 2 லட்சத்துக்கும் மேல் கம்பெனிகளின் பெயரை ஒரே வீச்சில் நீக்கினார்களே, அதில் மாட்டிக்கொண்டவர்களில் எத்தனையோ பேர் தவறு செய்யவில்லை, சோர்ந்துபோய் விட்டுவிட்டவர்கள். உனக்கு வயது 30. நாளைக்கே இன்னொன்று தொடங்குவாய். அதற்கு உன் பெயர் சுத்தமாக இருக்க வேண்டும்.

உனக்கு வர வேண்டிய பாக்கி இருக்கிறதா? இருந்தால் கூச்சப்படாமல் கேள். சிறு தொழில் என்று அரசிடம் செய்கிற உத்யம் பதிவு வைத்திருக்கிறாய், சின்னக் கம்பெனிக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-இல் வந்த சிறு தொழில் சட்டத்திலேயே இருக்கிறது, இப்போது அப்படித் தராதவர்கள் அதை அந்த வருஷத்துச் செலவாக வருமான வரியில் காட்டவும் முடியாது. எனக்கும் அந்த 45 நாள் இருந்தது. நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டால் அடுத்த லோடு கேஸ்டிங் வேறு பட்டறைக்குப் போய்விடும் என்ற பயம். 150 நாள், 180 நாள் என்று இழுத்தார்கள், செக்கை வாங்கிக்கொண்டு கும்பிடு போட்டு வந்தேன்.

15-ஆம் தேதி, கண்ணு. திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று கோபப்படாதே.

சரி, சுற்றி வளைத்தது போதும். பி.எஃப். வலைத்தளத்தில் ஒரு கம்பெனியின் பெயரைப் போட்டால் எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்கு எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நீ தொடங்கினதிலிருந்து நான் மாதா மாதம் பார்க்கிறேன். முதலில் பெருமைக்காகத்தான் பார்த்தேன், எண் ஒன்று ஏறினால் அன்றைக்கு முழுக்க எனக்கு நல்ல நாள். ஜூனில் 31 பேர். ஜூலையில் 26 பேர். ஆகஸ்டில் 17 பேர். செப்டம்பருக்குப் பதிவே இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி வரை திறந்து திறந்து பார்த்தேன், நீ பக்கத்து ரூமில் போனைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாய். உன்னிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. எந்த வாயால் கேட்பேன்?

இதை அம்மாவுக்கே நான் முழுசாகச் சொன்னதில்லை. 2019-இல் ஏப்ரலிலிருந்து எட்டு மாதம் நம் ஆட்களின் சம்பளத்தில் 12 சதவீதம் பி.எஃப். என்று பிடித்தேன். சம்பளச் சீட்டில் அச்சடித்துக் கொடுத்தேன். கட்டவில்லை. என் பங்கையும் கட்டவில்லை, அவர்களிடம் பிடித்ததையும் கட்டவில்லை. கரண்ட் பில், டூல்ஸ் கடைப் பாக்கி, பேங்க் சி.சி. கடன் வட்டி என்று போய்விட்டது. பம்ப் கம்பெனிப் பணம் வந்ததும் மொத்தமாகக் கட்டிவிடலாம் என்று ஒவ்வொரு 15-ஆம் தேதியும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பங்கைக் கட்டாதது பாக்கி. அவர்கள் பங்கைப் பிடித்துவிட்டுக் கட்டாதது அவர்கள் சட்டைப் பையிலிருந்து எடுத்தது, சட்டமும் அதை நம்பிக்கை மோசடி என்றுதான் சொல்கிறது.

மூடின அடுத்த வைகாசியில் பொள்ளாச்சி அண்ணன் வீட்டுக்கு வந்தார், பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். நீ காபி கொண்டுவந்து கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா. நீ உள்ளே போன பிறகு சட்டைப் பையிலிருந்து பாஸ்புக் பிரின்டை எடுத்து டீப்பாயில் விரித்தார், அந்த எட்டு மாதம் வெறுமையாக இருந்த இடத்தில் ஆயில் ஏறிக் கறுத்த கட்டைவிரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. 19 வருஷம் என்னோடு இருந்தவர். காபியைக் குடித்துவிட்டு "வரேனுங்க" என்று போய்விட்டார்.

சூலூர் இடத்தை விற்றது நல்ல விலை வந்ததால் இல்லை. அந்தப் பணத்தில்தான் 12 சதவீத வட்டியோடும் அபராதத்தோடும் 24 பேருக்கும் கட்டி முடித்தேன். உன்னைக் கேட்காமல் விற்றுவிட்டேன் என்று மூன்று மாதம் என்னோடு நீ சரியாகப் பேசவில்லை, அப்போதும் நான் காரணம் சொல்லவில்லை.

அதைவிடப் பெரியது இன்னொன்று. பணத்தைக் கட்டிவிட்டேன், இதை எப்படிக் கட்டுவது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. பட்டறையை மூடப்போகிறேன் என்று அவர்களிடம் நான் சொல்லவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூட்டினேன். திங்கட்கிழமை காலை எல்லோரும் டிபன் பாக்ஸோடு வந்து நின்றார்கள், நான் மாமாவை அனுப்பினேன். மாமாதான் சொன்னார். போனை அணைத்துவிட்டு மருதமலைக்குப் போய்ப் படிக்கட்டில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தேன், சன்னதிக்குக்கூடப் போகவில்லை. நான்கு மாதம் கழித்து ஊரடங்கு வந்தபோது சரியான நேரத்தில் மூடிவிட்டீர்கள் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள், நானும் தலையை ஆட்டிக்கொண்டேன்.

அதனால் கேட்கிறேன், இது கோபம் இல்லை. மாதா மாதம் அம்மாவுக்கு அனுப்புகிற 20,000 இந்த மாதமும் வந்தது. அதை அப்படியே திருப்பிப் போட்டுவிட்டேன், பார்த்துக்கொள். அம்மா பெயரில் இருக்கிற டெபாசிட்டை எடுக்கலாம், அவளிடம் பேசிவிட்டேன், எதற்கு என்றுகூட அவள் கேட்கவில்லை. செப்டம்பர் பாக்கி, அக்டோபர் பாக்கி, கடைசிச் சம்பளம், நோட்டீஸ் சம்பளம், ஐந்து வருஷம் ஆகாததால் கிராஜுவிட்டி வராது என்று நினைக்கிறேன், அதை ஆடிட்டரிடம் கேள். மொத்தம் எவ்வளவு என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி போட்டோ எடுத்து அனுப்பு. நடத்தத்தான் முடியும் என்றால் நடத்து, எனக்குச் சந்தோஷம். எதுவானாலும் அந்த எண்ணை எனக்குச் சொல்.

மூடுவது என்று முடிவு செய்தால் அந்த 17 பேரிடம் நீயே சொல், மெயிலில் வேண்டாம், பார்ட்னர் பையனை அனுப்பவும் வேண்டாம். திங்கட்கிழமை சொல்வதாக இருந்தால் ஞாயிறு ராத்திரி பஸ்ஸில் ஏறி விடிகாலை அங்கே வந்துவிடுகிறேன். மேலே வரமாட்டேன். உன் ஆபீஸுக்கு எதிரில் அந்த டீக்கடை இருக்கிறதல்லவா, நீ இறங்கி வருகிற வரைக்கும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா